மாசமாவதற்கு முன்னால் ஒரு ஊசி

"வீட்டுல ஏதும் விசேஷம் உண்டா?"

கல்யாணமாகி மூன்று மாதம் தாண்டிவிட்டால் போதும், மதுரைப் பக்கம் எந்தப் பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. பூக்காரம்மா கேட்பார். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் யாராவது கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில், இலையில் அப்பளம் விழும் நேரத்தில்கூடக் கேட்பார்கள்! கேட்பவர்கள் எல்லாம் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த விசேஷத்துக்கு முன்னால் கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் இருக்கும் ஒரு வீட்டில் அந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. அந்த வீட்டின் கதைதான் இது. பெயர்கள் வேண்டாம். அவள் 1997-ல் பிறந்தவள். ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். கணவருக்குக் கே.கே. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. அத்தையும் கூடவே இருக்கிறார். கல்யாணமாகி பத்து மாதம். இனி குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டரம்மா ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதினார். ரத்த அளவு, சுகர், தைராய்டு பார்க்கச் சொன்னார். கடைசியாக, பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ரூபெல்லா ஊசி போட்டிருக்கீங்களாம்மா?"

அவளுக்குத் தெரியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. இல்லைன்னா ரத்தத்துல ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். எதிர்ப்புச் சக்தி இல்லைன்னு வந்தா ஊசி போட்டுட்டு ஒரு மாசம் தள்ளிப் போடணும்."

ஒரு மாசம் தள்ளிப் போடணும். வீட்டில் பிரச்சனை ஆரம்பித்தது இந்த நான்கு வார்த்தைகளில்தான்.

அன்று சாயங்காலமே அத்தையிடம் விஷயத்தைச் சொன்னாள். அத்தைக்குப் புரியவே இல்லை.

"ஏத்தா, நாங்கல்லாம் மாசமா இருக்கும்போதுதான் ஊசி போட்டோம். நர்சம்மா வீட்டுக்கே வந்து போட்டுட்டுப் போவாங்க. மாசமாகறதுக்கு முன்னாடி என்ன ஊசி? இருக்குறதையும் கலைச்சு விட்டுறாம!"

அத்தையின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. உண்மையிலேயே நல்ல கேள்வி அது. கர்ப்பிணிகளுக்குப் போடுவது ரணஜன்னி ஊசி. முன்பு டி.டி. என்று சொன்னார்கள். இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து டி.டி.யாகவே வேறு மருந்து வருகிறது. அதில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. கிருமியின் நஞ்சைச் செயலிழக்க வைத்துச் செய்த மருந்து. அதனால் கர்ப்ப காலத்தில் தைரியமாகப் போடலாம். தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும்.

ரூபெல்லா ஊசி அப்படி இல்லை. அதில் பலவீனமாக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. ஆகவே கர்ப்பிணிகளுக்கு அதைப் போடமாட்டார்கள். போட்டபின் ஒரு மாதம் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இது ஒரு முன்னெச்சரிக்கைதான். கர்ப்பம் என்று தெரியாமலே இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஊசியால் ரூபெல்லா பாதிப்போடு ஒரு குழந்தை பிறந்ததாகத் தெரியவரவில்லை. அதனால் தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும், தெரிந்தே யாரும் அந்த வாய்ப்பை எடுப்பதில்லை.

ஆக, அத்தை அறிந்த ஊசி மாசமான பிறகு. இந்த ஊசி மாசமாவதற்கு முன்பு. மாசமான பிறகு நினைத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, அப்படி என்னதான் நோய் இது?

பெரிய நோயாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். லேசான காய்ச்சல். முகத்தில் தொடங்கி உடம்பில் பரவும் சிவந்த தடிப்பு. காதுக்குப் பின்னால் நெறிகட்டும். மூன்று நாளில் போய்விடும். பாதிக்கப்படுவோரில் கணிசமானவர்களுக்கு இது கூடத் தெரியாது. தும்மல், இருமல் வழியே பரவும். வேப்பிலை கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, 'ஆத்தா இறங்கிட்டா' என்று சொல்வதற்கு முன்பே அது போயிருக்கும்.

ஆனால் கர்ப்பமான முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு இது வந்தால் கதையே வேறு. வைரஸ் நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போகிறது. கண், காது, இதயம் எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. கருவுக்குப் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை உண்டு. கரு கலையலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். பிழைத்துப் பிறந்தால் கண்ணில் புரை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று ஒன்றோ, மூன்றுமோ சேர்ந்தோ வரலாம். தாய்க்கு மூன்று நாள் தடிப்பு; பிள்ளைக்கு ஆயுள் முழுக்க!

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யமானது. சிட்னியில் நார்மன் கிரெக் என்று ஒரு கண் டாக்டர். 1941-ல் அவரிடம் கண்ணில் புரையோடு பிறந்த பச்சைக் குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக நிறைய வர ஆரம்பித்தன. பரம்பரைக் காரணம் எதுவும் தெரியவில்லை. காத்திருக்கும் இடத்தில் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கர்ப்பமாக இருந்தபோது தங்களுக்கு ரூபெல்லா வந்ததாக அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பரவலாக வந்திருந்தது. அவர் மற்ற டாக்டர்களிடமும் விசாரித்து மொத்தம் 78 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்தார். அதில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின்போது ரூபெல்லா வந்திருந்தது. அந்த அக்டோபரில் மெல்போர்னில் கண் மருத்துவர்கள் கூட்டத்தில் அதைப் படித்தார். எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. அதுவரை குழந்தையின் பிறவிக் குறைகளுக்குப் பரம்பரைதான் காரணம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1964-65-ல் அமெரிக்காவில் பெரிய கொள்ளைநோயாக ரூபெல்லா பரவியது. சுமார் 1.25 கோடி பேருக்கு வந்தது. ஏறத்தாழ 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தன. 1969-ல் அங்கே தடுப்பூசி வந்தது. 2015-ல் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லா ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் சரி, மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவள் கணவரும் அதையேதான் கேட்டார். தூரமே போகவேண்டாம். தல்லாகுளத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய அண்ணா நகரில் இருக்கிறது பதில்.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர்கள் மதுரையில் இருக்க முடியாது. தாத்தா பாட்டிகளின் புரைக்கு அங்கே போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கைக்குழந்தைகளும் புரையோடு அங்கே வருகிறார்கள். அப்படி மதுரைக்கு வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்து, புரைக்கு என்ன காரணம் என்று பார்த்து, மதுரை டாக்டர்களும் பிரிட்டிஷ் டாக்டர்களும் சேர்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 15 சதவீதக் குழந்தைகளுக்குக் காரணம் ரூபெல்லா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 25 சதவீதம். அதாவது கையில் தூக்கிவந்த நாலு குழந்தைகளில் ஒன்று!

அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. மூன்று நாள் தடிப்பு வந்தது, அல்லது அதுவும் வரவில்லை. அவ்வளவுதான். தடுக்க ஊசி இருந்தது, உலகில் வேறு பக்கங்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இங்கே அரசு அட்டவணையில் அப்போது அது இல்லை.

அன்றிரவு அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா பழைய டைரி, பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து தேடினார். தடுப்பூசி அட்டை கிடைத்தது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்திருந்தது. பி.சி.ஜி. இருந்தது. போலியோ இருந்தது. முத்தடுப்பு இருந்தது. தட்டம்மை இருந்தது. ரூபெல்லா என்று எதுவும் இல்லை.

"தம்பிக்கு ஸ்கூல்ல போட்டாங்களே, அதுவாம்மா இது?" என்று கேட்டாள்.

அதேதான்.

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டில் 9 மாதம் முடிந்த குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. இந்தியாவிலேயே முதல் கட்டமாக அதை நடத்திய ஐந்து இடங்களில் தமிழ்நாடு ஒன்று. கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு மற்றவை. நாடு முழுவதும் 41 கோடிப் பிள்ளைகளுக்குப் போடுவது திட்டம். அப்போது பார்த்துத்தான் வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. இந்த ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து, அனுப்பாதீர்கள் என்று ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்தார்கள். ஊசி போடும் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. பிப்ரவரியில் முடியவேண்டிய முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அவள் தம்பி அப்போது எட்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டிலும் அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள்தான் "போடட்டும்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பி வைத்தாள். தம்பி கைவிரலில் மை அடையாளத்தோடு வீட்டுக்கு வந்து, அழவே இல்லை என்று பெருமை அடித்துக்கொண்டான்.

ஆம்பளைப் பையனுக்கு எதற்கு ரூபெல்லா ஊசி என்று அன்றைக்கு நிறையப் பேர் கேட்டார்கள். அவனா பிள்ளை பெறப் போகிறான்? இதற்குப் பதில் கிரீஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே 1970-களிலிருந்தே குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். ஆனால் எல்லோருக்கும் போடாமல் பாதிப் பேருக்குக்கூட எட்டாத அளவில்தான் போட்டார்கள். அதனால் வைரஸ் ஒழியவில்லை, மெதுவாகப் பரவியது. சின்ன வயதிலேயே வந்துபோக வேண்டிய நோய் பலருக்கு வராமலே போய், அவர்கள் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்ந்து, கர்ப்பமாகும் வயதை அடைந்தார்கள். 1993-ல் நோய் பரவியபோது 25 குழந்தைகள் பிறவிப் பாதிப்போடு பிறந்தன. அரைகுறையாகப் போட்டால் இப்படியும் ஆகும். அதனால்தான் இந்தியாவில் கைக்குழந்தைகளோடு நிறுத்தாமல் 15 வயது வரை, ஆண் பெண் பேதமில்லாமல் ஒரே வீச்சில் போட்டார்கள். தம்பி வீட்டுக்கு வைரஸைக் கொண்டுவராமல் இருந்தால்தான் அக்காவின் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தம்பி போட்டுக்கொண்ட ஊசி, ஒரு வகையில், அவன் இனிமேல் பார்க்கப்போகும் மருமகனுக்காகவோ மருமகளுக்காகவோ போட்டுக்கொண்டது!

ஆனால் அக்கா? அவளுக்கு அப்போது வயது 20-ஐ ஒட்டி. 15 வயதுக் கோட்டுக்கு மேலே நின்றவள்.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் 15 வயது நிறைந்திருந்தவர்கள் என்றால் 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கு அரசு முகாமில் ரூபெல்லா ஊசி கிடைக்கவில்லை. சிறுவயதில் தனியார் டாக்டரிடம் எம்.எம்.ஆர். ஊசி போட்டவர்களுக்கு மட்டும் அதில் ரூபெல்லாவும் சேர்ந்திருக்கும். மற்றவர்களுக்குத் தட்டம்மை ஊசியோடு சரி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கல்யாணமாகி, முதல் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களில் பெரும்பகுதியினர் யார்? அந்தக் கோட்டுக்கு மேலே நின்றவர்கள்தான். அக்காமார்கள் எல்லோரும்!

அவள் கணவர் ஆடிட்டர் ஆபீஸ்காரர் ஆயிற்றே. அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் வரவு. செலவுப் பக்கம் சுலபமாக நிரம்பியது. ரத்தப் பரிசோதனைக் கட்டணம். ஊசி விலை. ஒரு நாள் கை வலி, சிலருக்குக் காய்ச்சல் அல்லது மூட்டு வலி. ஒரு மாத தாமதம். அம்மாவின் கோபம். வரவுப் பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"வராத நோய்க்கு வரவுல என்னத்த எழுதுறது? இந்தியாவுல முக்கால்வாசிப் பேருக்கு மேல சின்ன வயசுலயே வந்து போயிருக்குமாம். உனக்கும் வந்திருந்தா ஊசியே தேவையில்ல. இப்பல்லாம் நோயும் குறைஞ்சு போச்சு. நமக்குன்னு பார்த்தா வரப்போகுது?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இருக்கும். முகாமுக்குப் பிறகு நோய் குறைந்ததும் உண்மை. ஆனால் ஒழியவில்லை. அவளோ தினமும் சின்னப் பிள்ளைகள் முப்பது பேருக்கு நடுவில் நிற்கிறவள். ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் அடுத்த நாள் பத்துப் பிள்ளைக்கு ஒழுகும். போதாக்குறைக்கு வீடு இருப்பது தல்லாகுளத்தில். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வந்தால் எதிர்சேவை இங்கேதான். ஆற்றில் இறங்குவதற்கு முன் ராத்திரி தங்குவதும் இங்கேதான். லட்சக்கணக்கான ஜனம் வாசலில் நிற்கும்போது, மாசமாக இருக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியுமா?

"நீங்க ஆபீஸ்ல கடைகளுக்குத் தீ விபத்து இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கு எழுதுறீங்கல்ல? கடை எரியலையே, பிரீமியம் போச்சேன்னு யாராவது அழுதாங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சிரித்தார். ஆனால் தாளில் எதுவும் எழுதவில்லை.

உண்மையில் அந்த வரவுப் பக்கம் காலியாக இருப்பதற்குக் காரணம் வேறு. பலன் அடையப்போகிறவர் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. பேரேட்டில் பெயர் இல்லாத ஒருவருக்கு எப்படி வரவு வைப்பது?

அரசாங்கத்தின் பேரேட்டிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் உடனே பதிவு செய்கிறார்கள். பிக்மி எண் கொடுக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, தகுதியுள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் வரை உதவி உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. செவிலியர் தேடி வருவார். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தொடங்குவது கர்ப்பம் உறுதியான பிறகு. நாள் தள்ளிப்போய், சந்தேகம் வந்து, பரிசோதித்து, பதிவு செய்வதற்குள் ஏழெட்டு வாரம் ஓடிவிடும். ரூபெல்லாவுக்கு மிகவும் ஆபத்தான வாரங்கள் அவைதான். பிறந்த குழந்தைக்கு ஒரு அட்டவணை உண்டு. கர்ப்பிணிக்கு ஒரு அட்டவணை உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு எந்த அட்டவணையும் இல்லை. அவளேதான் போய்க் கேட்க வேண்டும்.

கேட்டால் வீட்டில் இப்படி ஒரு பஞ்சாயத்து!

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. 2021-ல் கொரோனா ஊசி போடப்போனபோது, "கல்யாணமாகாத பொண்ணு, போட்டா பிள்ளை நிக்காதாம்" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது ஊரெல்லாம் அந்தப் பேச்சு இருந்தது. கொரோனா ஊசி கருத்தரிப்பதைக் கெடுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஜூலையில் மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கே அந்த ஊசியை அனுமதித்தது. அவளும் இரண்டு டோஸ் போட்டுக்கொண்டாள். என்றாலும் பத்து மாதமாக 'விசேஷம் உண்டா' என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஒருவேளை அதனால்தானோ என்று ஒரு நொடி மனம் நடுங்கத்தான் செய்தது. குழந்தைக்கு இன்னும் முயற்சியே செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நடுங்கியது. வதந்திக்கு உள்ள பலம் அதுதான்.

நாலாம் நாள் காலை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அந்த நோய் வந்தா பிள்ளைக்குக் கண்ணுல என்னமோ ஆகும்னியே, என்ன ஆகும்?"

"கண்ணுல புரையோட பிறக்கும் அத்தை. கருவிழிக்கு நடுவுல வெள்ளையா தெரியும். காதும் கேக்காம போகலாம்."

அத்தையின் கை நின்றுவிட்டது.

அத்தைக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார். அந்த வருடம் பெரிய சூரிய கிரகணம். 1980 பிப்ரவரியில் வந்த கிரகணம் அது. அந்த அக்கா அப்போது மாசமாக இருந்தார். பிறந்த பெண் குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. பக்கத்தில் தட்டைப் போட்டு உடைத்தாலும் திரும்பாது. கிரகணத்தன்று அவள் வெளியே வந்தாள், அதனால்தான் என்று ஊரே பேசியது. மாமியார் பேசினார். புருஷனும் பேசினார். அந்த அக்கா தான் அன்றைக்கு வாசலைக்கூடத் தாண்டவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. குழந்தை இரண்டு வயதைத் தாண்டவில்லை.

"அது சாகுற வரைக்கும் அந்த அக்கா தலை நிமிரவே இல்ல. அதுக்கு முன்னாடி அவங்களுக்கு அம்மை போட்டுச்சா என்னன்னு இப்ப யாரு கண்டா?" என்றார் அத்தை.

அந்தக் குழந்தைக்கு வந்தது ரூபெல்லாதானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. பிறவிப் புரைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கிரகணம் காரணமில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தாய் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும்.

அத்தை கீரையைத் தட்டில் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரு மாசந்தான? போட்டுக்க. எவளும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அந்த வார சனிக்கிழமை ரத்தம் கொடுத்தாள். "எனக்குச் சின்ன வயசுல ஏதோ அம்மை போட்டதா அம்மா சொன்னாங்களே, அது போதாதா?" என்று லேபில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். போதாது. உடம்பில் தடிப்பு வரும் நோய்கள் எத்தனையோ உண்டு. எது வந்தது என்று ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் ரூபெல்லாவுக்கான ஐ.ஜி.ஜி. எதிர்ப்புப் பொருள் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஊசி. பரிசோதனைக்கு வசதி இல்லாவிட்டால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நேராக ஊசியே போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர் போட்டுக்கொண்டாலும் கெடுதல் இல்லை.

முடிவு திங்கட்கிழமை வந்தது. இல்லை என்று வந்தது.

இருபத்தெட்டு வருடம் அவளுக்கு ரூபெல்லா வரவும் இல்லை, அதற்கு ஊசியும் இல்லை. 'நமக்குன்னு பார்த்தா' என்று கணவர் சொன்ன அந்தச் சிறுபான்மையில்தான் அவள் இருந்தாள். அவர் அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார்.

மாதவிலக்கு வந்து, கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகு அவள் எம்.எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் கை கொஞ்சம் வலித்தது. ஒரு டோஸ் போட்டாலே நூற்றில் 95 பேருக்கு மேல் ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். காலண்டரில் அடுத்த மாதத்து அதே தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள்.

தம்பிக்குப் போன் செய்து சொன்னாள். அவன் இப்போது வேலைக்குப் போகிறான்.

"நீ அழுதியாக்கா?"

"இல்லடா."

"நானும் அழலையே!"

இதைப் படிக்கும் வகுப்புத் தோழிகளில் பலர் 2002-க்குப் பின் பிறந்தவர்கள். பள்ளியில் ஊசி போட்டிருப்பீர்கள். அன்றைக்கு வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்களா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கல்யாணமான அக்கா, அண்ணி, சித்தி யாராவது குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தால், 'விசேஷம் உண்டா' என்று கேட்பதற்குப் பதில் 'ரூபெல்லா பார்த்தாச்சா' என்று கேளுங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். கேள்வியையாவது யாராவது கேட்க வேண்டுமே.

போன வெள்ளிக்கிழமை பெருமாள் கோயில் வாசலில் பூக்காரம்மா மறுபடியும் கேட்டார், "என்ன தாயி, மருமகளுக்கு ஏதும் விசேஷம் உண்டா?"

அவள் வாய் திறப்பதற்குள் அத்தை பதில் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசத்துக்கு மேல கேளு. இப்ப ரெண்டு முழம் மல்லிய அள."